குளம்புக்கு முந்தியது கணுக்கால்

ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை எல்லாமே இரட்டைப்படைக் குளம்பிகள் வரிசையைச் சேர்ந்தவை. உடல் எடையை மூன்றாம், நான்காம் விரல்கள் சரிசமமாகத் தாங்குவது இவற்றின் இயல்பு. ஆனால், பாறையிலிருந்து எடுத்த எலும்பு இவ்வரிசை விலங்குடையதா என்பதற்கு உறுதியான சான்று குளம்பு அல்ல. கணுக்காலில் இருக்கும் ஒரு சிறிய எலும்பு.

மற்ற பாலூட்டிகளில் அந்த எலும்பின் மேல்முனை மட்டும் கப்பிபோலப் பள்ளம் விழுந்திருக்கும். இவற்றில் கீழ்முனையும் அப்படியே. அதனால் பாதம் முன்னும் பின்னும் நன்றாக மடங்கும், பக்கவாட்டில் பிசகாது. ஓடவும் தாவவும் தோதான அமைப்பு.

முயலளவு விலங்கு

இந்த வரிசையின் மிகப் பழைய விலங்குகளில் ஒன்று டயகோடெக்சிஸ். சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி வெகுவாகச் சூடேறியிருந்த இயோசீன் காலத் தொடக்கத்தில் வாழ்ந்தது. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த எலும்புக்கூட்டை 1982இல் கென்னத் ரோஸ் விவரித்தார். முயலளவு உடல், நீண்ட பின்னங்கால்கள். முன்னங்காலில் இன்னமும் ஐந்து விரல்கள் இருந்தன. கணுக்காலிலோ இரட்டைக் கப்பி முழுமையாக உருவாகியிருந்தது. விரல்கள் குறைந்து இரண்டாகும் முன்பே கணுக்கால் மாறிவிட்டது.

திமிங்கிலத்தின் கால்

திமிங்கிலங்கள் மீசோனிக்கிட் எனும் ஊனுண்ணிகளின் வழி வந்தவை என்றே தொல்லுயிரியலாளர்கள் பலர் கருதினர். மரபணு ஆய்வுகளோ நீர்யானையைச் சுட்டின. 2001இல் இந்த வழக்கு தீர்ந்தது. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் ஃபிலிப் ஜிஞ்சரிச் குழு கண்டெடுத்த, சுமார் 4.7 கோடி ஆண்டுப் பழமையான திமிங்கிலங்களின் கணுக்காலில் அதே இரட்டைக் கப்பி இருந்தது. மீசோனிக்கிட் கருத்தை ஆதரித்து வந்த ஜிஞ்சரிச்சே அதைக் கைவிட்டார்.

அடுத்த சான்று இந்தியாவிலிருந்து வந்தது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் புவியியலாளர் ஏ. ரங்க ராவ் சேகரித்து வைத்திருந்த பாறைகளுக்குள் இந்தோஹையஸ் எலும்புகள் இருந்தன. ஹான்ஸ் தெவிசென் குழு 2007இல் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டது. பூனையளவே இருந்த அந்தக் குளம்பியின் செவி எலும்பு, திமிங்கிலத்துக்கே உரிய விதத்தில் தடித்திருந்தது. கால் எலும்புகளும் கனமானவை. தண்ணீரில் மிதந்துவிடாமல் நடக்க அது உதவியிருக்கும்.

நீர்யானையின் கதையில்தான் பெரிய இடைவெளி. திமிங்கிலங்களின் தொல்லெச்சங்கள் சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையானவை. நீர்யானைக் குடும்பத்தினுடையவை சுமார் 2 கோடி ஆண்டுகளைத்தான் எட்டுகின்றன. கென்யாவில் கிடைத்து 2015இல் விவரிக்கப்பட்ட, 2.8 கோடி ஆண்டுப் பழமையான எபிரிஜெனிஸ், நீர்யானையை ஆந்த்ரகோதீர் எனும் அழிந்துபோன குளம்பிகளோடு இணைத்தது. அவ்வகையில் இடைவெளி சற்றே சுருங்கியிருக்கிறது.