ஊசியிலை மரங்களின் மரபணு கூறும் பாடம்

ஓர் உயிரின் மரபுத் தகவல் முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்தறியும் ஆய்வு, மனிதனைக் கடந்து தாவரங்களையும் எட்டிப் பல வருடங்களாகின்றன. எனினும் பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் விஞ்ஞானிகளை நீண்டகாலம் காத்திருக்க வைத்தன. அவற்றின் மரபணுத் தொகுதியின் அளவே அதற்குக் காரணமாகும்.

மனிதனின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்களைக் கொண்டது. 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட நோர்வே ஸ்புரூஸ் மரத்தின் தொகுதியோ ஏறத்தாழ 2,000 கோடி எழுத்துக்களைக் கொண்டது. 2016இல் வெளியான அமெரிக்க சுகர் பைன் மரத்தின் தொகுதி 3,100 கோடியைத் தொட்டது.

இதனால் இம்மரங்கள் மனிதனிலும் சிக்கலானவை என்று கொள்ளலாகாது. ஸ்புரூஸ் மரத்திலுள்ள மரபணுக்கள் சுமார் 28,000 மட்டுமே. அதனிலும் நூறு மடங்குக்கு மேல் சிறிய தொகுதியையுடைய அரபிடோப்சிஸ் என்னும் சிறு செடியிலும் ஏறக்குறைய அத்தனை மரபணுக்கள் உள்ளன. தம்மைத் தாமே பிரதிசெய்து பெருகும் டி.என்.ஏ. துண்டுகளே எஞ்சிய இடத்தின் பெரும்பகுதியை நிரப்பியுள்ளன. பல தாவரங்கள் அவற்றைக் காலப்போக்கில் களைந்துவிடுகின்றன. ஊசியிலை மரங்களில் அவை தேங்கிவிட்டன.

உறவு மரங்களை ஒப்பிடும்போதே இவ்வாய்வின் பயன் புலனாகின்றது. பைனும் ஸ்புரூஸும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும், இரண்டிலும் 12 சோடி நிறமூர்த்தங்களே உள்ளன. மரபணுக்களின் வரிசையும் பெரிதும் மாறவில்லை. எனவே ஒரு மரத்தில் கண்டறியப்படுவது மற்றொன்றில் தேடுவதற்கு வழிகாட்டுகின்றது.

இத்தேடல் வெறும் அறிவு வேட்கையன்று. ஆசியாவில் தோன்றிய கொப்புளத் துருநோய் என்னும் பங்கசு நோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவை அடைந்து வெண்பைன் இனங்களைப் பெருமளவில் அழித்தது. சுகர் பைன் மரங்களுள் மிகச் சிலவற்றிலேயே அந்நோயை எதிர்க்கும் மரபணு உண்டு. அதனையும் வெல்லும் பங்கசு வகைகள் பின்னர் தோன்றிவிட்டன. மேற்கு வெண்பைன், லிம்பர் பைன் ஆகிய உறவு மரங்களிலும் இத்தகைய எதிர்ப்பு மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன. ஒற்றை மரபணுவை நம்பியிராது, பல பாதுகாப்புக்களை இனங்கண்டு, அவற்றையுடைய மரங்களின் விதைகளை நடுவதற்கு இவ்வொப்பீடு துணைபுரிகின்றது.

ஆயினும் எந்தத் தொகுதியை வாசித்தாலும், எதிர்ப்புச் சக்தி இருப்பது உயிருள்ள மரத்திலேயே. அரிதான அம்மரங்கள் வெட்டுண்டோ எரியுண்டோ போனபின் கணினியில் எஞ்சும் எழுத்துக்களால் ஒரு காட்டை மீட்க முடியாது. ஆய்வுகூடத்துக்கு அளிக்கப்படும் முக்கியத்துவம் காட்டுக்கும் அளிக்கப்படல் வேண்டும்.