தீபாவளிக்கு வீட்டுலயே 'கொய்யா காக்டெயில்'! போதை கிடையாது... ஆனா ஐஸ் விஷயத்துல உஷார்!

சென்னை:-

ஐப்பசி என்றாலே அடைமழை. கூடவே தீபாவளி. அண்ணன் குடும்பம், அக்கா, மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று சின்ன வீட்டில் பத்து பேர் கூடி விடுவார்கள். முறுக்கு, அதிரசம் தட்டில் வந்துவிடும். குடிக்க என்ன கொடுப்பது? 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் திறந்து ஊற்றுவதுதான் பல வீடுகளில் வழக்கம்.

இந்தத் தடவை கொஞ்சம் மாத்திப் பாருங்க. கொய்யா, எலுமிச்சை, இஞ்சி, துளசி, புதினா. அவ்வளவுதான் சரக்கு! பெரிய ஓட்டல்களில் இதற்கு 'மாக்டெயில்' என்று பேர் வைத்து, கிளாஸ் விளிம்பில் காகிதக் குடை சொருகிக் கொடுப்பார்கள். அங்கே ஒரு கிளாசுக்குக் கொடுக்கிற காசில் இங்கே வீடே குடித்து விடலாம்.

காக்டெயில் என்றால் முதலில் சாராயம்தான். 1806-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் ஹட்சன் என்ற ஊரில் வந்த பத்திரிகை ஒன்று, மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு கலந்தது என்று இதற்கு விளக்கம் எழுதியது. மதுவை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது நம்ம ஊர் பானகம் மாதிரிதான். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை போட்டு ராமநவமிக்குக் கொடுப்பார்களே, அதுவும் கலவை பானம்தானே!

பத்து டம்ளருக்கு என்ன வேணும்?

உள்ளே சிவப்பாக இருக்கும் பழுத்த கொய்யா அரை கிலோ. கையில் எடுத்தாலே மணக்கணும், அமுக்கினால் லேசா உள்ளே போகணும். காய்வெட்டாக இருந்தால் துவர்க்கும். எலுமிச்சை 4, சர்க்கரை 150 கிராம், இரண்டு விரல் நீள இஞ்சி, ஒரு கைப்பிடி துளசி, ஒரு கைப்பிடி புதினா, உப்பு ஒரு சிட்டிகை. கடைசியில் ஊற்ற ஒரு லிட்டர் சோடா. சோடா பிடிக்காதவர்கள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரே ஊற்றலாம்.

முதலில் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, நசுக்கிய இஞ்சியோடு கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் துளசியைப் போடணும். மூடி போட்டு பத்து நிமிஷம் விட்டு வடிகட்டுங்கள். துளசியை சேர்த்துக் கொதிக்க வைத்தால் வாசனை ஆவியோடு போய்விடும், கஷாயம் மாதிரி ஆகிவிடும்.

கொய்யாவை நறுக்கி, அரை லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு மிக்சியில் இரண்டு சுற்று மட்டும் விடுங்கள். அதிகம் ஓட்டினால் விதை உடைந்து வாயில் மண் மாதிரி நறநறக்கும். வடிகட்டி, உடனே எலுமிச்சை சாறு விட்டால் கொய்யா கறுக்காது. பாகு ஆறிய பிறகு ஒன்றாகக் கலந்து உப்பு போடவும்.

புதினாவை மிக்சியில் போடவே போடாதீங்க. கறுத்து, கசந்து போகும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டாலே வாசனை வந்துவிடும். சோடாவை ஆள் வந்த பிறகு, டம்ளர் ஓரமாக ஊற்றணும். கோலி சோடா என்றால் பிள்ளைகளுக்கு இன்னும் குஷி. அந்தக் கோலி பாட்டிலுக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிராம் காட் என்பவர் காப்புரிமை வாங்கியது 1872-ல்!

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். விசேஷம்னு பரண்ல இருந்து பித்தளை அண்டாவை இறக்காதீங்க. ஈயம் பூசாத பித்தளையில் எலுமிச்சை பட்டால் செம்பு கரைந்து வாந்தி, வயிற்று வலி வரும்.

வில்லன் ஐஸ்தான்!

பழம் வீட்டில் கழுவினது, தண்ணீர் காய்ச்சினது. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசி நேரத்தில் பையனை அனுப்பி கடையில் ஐஸ் வாங்கி உள்ளே போடுகிறோமே, அங்கேதான் வம்பு.

சாக்கில் சுற்றி வரும் பார் ஐஸ், மீனைக் கெடாமல் வைப்பதற்காகச் செய்வது. குடிக்கிற தண்ணீரில்தான் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஐஸ் ஆகிவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது. உறைந்து கிடக்கும், டம்ளரில் கரைந்ததும் கிளம்பிவிடும். டைபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா எல்லாம் தண்ணீர் வழியாக வருபவை. மழைக்காலத்தில் சாக்கடை நீர் குடிநீரில் கலக்கும் ஆபத்தும் ஜாஸ்தி.

சாப்பிடக்கூடாத ஐஸ் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2018-ல் உத்தரவு போட்டது. நீலமாக இருந்தால் தொடவே வேண்டாம். ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்ல ஐஸ் என்று அர்த்தம் இல்லை!

அப்போ என்ன செய்ய? பிரிட்ஜ் இருந்தால் முதல் நாள் ராத்திரியே காய்ச்சிய தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி பிரீசரில் வையுங்கள். பிரிட்ஜ் இல்லையா? பார் ஐஸை உடைத்து ஒரு பெரிய டப்பில் போட்டு, அதன் நடுவே பானப் பாத்திரத்தை மூடி வையுங்கள். ஐஸ் வெளியே, பானம் உள்ளே. அரை மணி நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடும். கரைந்த தண்ணீர் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கணும். டப்பில் விட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் டம்ளரைத் தொடாதீங்க.

ஐஸே இல்லாவிட்டாலும் குற்றமில்லை. மழை பெய்கிற சாயங்காலத்தில் இஞ்சி வாசனையோடு சும்மா குடித்தாலே நல்லாத்தான் இருக்கும்.

இன்னொரு கூத்து, கல்யாண ரிசப்ஷன்களில் பார்த்த 'புகை ஜூஸ்'. அது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சி! முழுசாக ஆவியாவதற்குள் விழுங்கினால் குடலே ஓட்டையாகும். 2012-ல் இங்கிலாந்தில் 18 வயது பெண் ஒருவர் இப்படிப்பட்ட காக்டெயில் குடித்து, ஆபரேஷனில் வயிற்றையே எடுக்க வேண்டியதாகி விட்டது. தமிழக உணவு பாதுகாப்புத் துறையும் 2024-ல் 'ஸ்மோக் பிஸ்கெட்' விவகாரத்தில் கடைக்காரர்களை எச்சரித்தது. வீட்டு விசேஷத்தில் யாராவது 'புகை விடலாமா' என்று கேட்டால், ஊதுபத்தி கொளுத்திக்கச் சொல்லுங்க!

மேலே சொன்ன அளவில் ஒரு டம்ளருக்கு 15 கிராம் சர்க்கரை போகிறது. பழத்தில் இருப்பது தனி. வீட்டில் சுகர் பேஷண்ட் இருந்தால் பாகு சேர்க்காமல் அவருக்கு முதலிலேயே கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள். கொய்யாவிலும் இனிப்பு உண்டு என்பதால் அவருக்கு சின்ன டம்ளர் போதும்.

கலந்து வைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீங்க. சோடா ஊற்றாத சாறு மீதியானால் பிரீசரில் வைத்து குச்சி சொருகிவிடலாம். மறுநாள் பிள்ளைகளுக்கு கொய்யா குச்சி ஐஸ் ரெடி.