பின்னால் உட்காருபவருக்கும் ஒரு ஹெல்மெட்!

தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போகிறீர்களா? “ஓட்டுறது அவர்தானே, எனக்கெதுக்கு ஹெல்மெட்?” என்று பின்னால் உட்காராதீர்கள், சகோதரிகளே! விழுந்தால் இரண்டு தலையும்தான் அடிபடும். தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

“போட்டா நெற்றி வலிக்குது” என்றால் அளவு சரியில்லை. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, தையல் டேப்பால் தலையைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னிக்கொண்டு, அங்கேயே ஐந்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். நெற்றியை அழுத்தவும் கூடாது. தலையை ஆட்டினால் தனியே ஆடவும் கூடாது.

விலை மலிவாயிருந்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், 4151 என்ற எண்ணும் இருக்கட்டும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. ஆகவே ஒருமுறை அடிபட்டதை மாற்றிவிடுங்கள். தாடை வாரை மாட்ட மறக்காதீர்கள்!