முக்காற்புள்ளி விட்டால் வந்தது வினை!

வல்லக்கோட்டை முருகன் கோயிலை அடுத்த ஒரகடத்தில் கார்களும் லாரிகளும் உற்பத்தியாகின்றன. கார் ஓட்டுகிறவர் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் விஷயம் வெகு காலம் அப்படி இருக்கவில்லை. லினக்ஸ் வைத்திருந்தவர் மெக்கானிக்காகவும் இருந்தாக வேண்டும்!

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1969-ம் ஆண்டு கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் ஆரம்பித்த யூனிக்ஸ், நிபுணர்களுக்காகவே பிறந்தது. அதன் வழியில் 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். இவற்றில் கம்ப்யூட்டரின் ஏற்பாடுகளெல்லாம் ‘எட்ஸி’ என்ற அறையில் எழுத்துக் கோப்புகளாக இருக்கும்.

புதிதாக ஓர் ஆளைச் சேர்க்க ஒரு வரி எழுத வேண்டும். அதில் 7 பகுதிகள், நடுநடுவே முக்காற்புள்ளி. ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஆள் உள்ளே நுழைய முடியாது. திரை விஷயம் இன்னும் மோசம். பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளுக்கு அலைவரிசை எண்களைக் கையால் எழுதினார்கள். தப்பாக எழுதினால் திரையே பழுதாகலாம் என்று கையேடுகள் எச்சரித்தன!

ஜெர்மனியிலிருந்து வந்த கருவி

இந்தச் சிரமத்தைக் குறைக்க ஜெர்மனியின் சூசி நிறுவனம் ‘யாஸ்ட்’ என்ற கருவியைச் செய்தது. பிரிண்டர், நெட்வொர்க், ஆட்களின் பெயர் எல்லாம் ஒரே பலகையில். கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். முக்காற்புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். பெயரின் பொருள் ‘இன்னும் ஓர் அமைப்புக் கருவி’. அலுத்துப்போன யாரோ வைத்த பெயர் போலிருக்கிறது!

உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸுக்கு மாறியது. லைசென்ஸ் செலவு மிச்சம்தான். ஆனால் மிச்சத்தைச் சொல்லி குமாஸ்தாவைத் திருப்திப்படுத்த முடியுமா? பிரிண்டர் ஓடாவிட்டால் அவர் பழையதையே கேட்பார்.

2007-ல் சென்னை சி-டாக் நிறுவனத்தார் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டனர். பட்டியல்களைத் தமிழிலும் பார்க்கலாம். 2011-ல் அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸுடன் பாஸும் இருந்தது. எதைத் திறப்பது என்பது மாணவன் இஷ்டம்.

சோதனை அங்கேதான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. இன்டர்நெட் இணைப்பு ஒரு நாள் மக்கர் செய்தால், மறுநாள் அவன் கை மற்றதைத்தான் தேடும். இலவசம் என்பதற்காக யாரும் சிரமத்தைச் சகித்துக்கொள்வதில்லை.

ஜன்னல் மட்டும் போதாது

அழகான ஜன்னல் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. கையால் திருத்திய வரியைக் கருவி சத்தமில்லாமல் அழித்துவிடுவதுண்டு. திருத்தியவருக்குக் காரணமே புரியாது.

இந்த விஷயத்தில் ‘விசுடோ’ என்ற பழைய கருவி புத்திசாலி. நிர்வாக அதிகாரம் யாருக்கு என்று சொல்லும் கோப்பைத் திருத்துவதற்கு அது உதவுகிறது. ஜன்னல், படம் ஒன்றும் கிடையாது. ஆனால் பிழையோடு கோப்பை வைத்துக்கொள்ள உடனே சம்மதிக்காது. எத்தனையாவது வரியில் தப்பு என்று காட்டி, “இப்போது என்ன?” என்று கேட்கும். திரும்பப் போய்த் திருத்தலாம். மாற்றத்தைக் கைவிட்டு வெளியேறவும் செய்யலாம்.