தோற்றவர் பணம்

எங்கள் ஊரிற் சீட்டுப் பிடிக்கும் ஆச்சி ஒருத்தி இருந்தாள். எழுத்து வாசனை அறியாதவள். ஆயினும் மாதந்தோறும் சீட்டுக் கூறும் நாளில், கட்டியவர் எத்தனை பேர், கழிவு எவ்வளவு, கையிற் கொடுப்பது எவ்வளவு என்பதை முற்றத்தில் நின்று எல்லார் காதிலும் விழச் சொல்லுவாள். "சீட்டு எடுத்தவனுக்கு ஏன் கணக்கு? அவனுக்குத்தான் காசு கிடைச்சிட்டுதே. எடாதவனுக்குத்தான் கணக்குச் சொல்ல வேணும்" என்பது அவள் வாக்கு.

பல்லாண்டுகளின் பின் அவளை எனக்கு நினைப்பூட்டியது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கடிதம். என்னிடம் கணிதம் படித்த மாணவன் ஒருவன் எழுதியிருந்தான். அங்கே ஏரியொன்றில் மீன்பிடிப் போட்டி நடக்கிறதாம். படகொன்றுக்கு நுழைவுக் கட்டணம் 200 டொலர். முதற்பரிசு 3,200 டொலர். "மாஸ்ரர், இந்தக் கணக்கு நேரான கணக்கோ எண்டு ஒருக்காற் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேட்டு, விதித்தாளையும் உடன் அனுப்பியிருந்தான்.

கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐம்பது படகுகள் சேர்ந்தால் திரள்வது 10,000 டொலர். அதில் 80 வீதம் பரிசாகத் திரும்புமென்று விதி கூறுகிறது. அஃதாவது 8,000 டொலர். பத்துப் படகுக்கு ஒரு பரிசு என்ற கணக்கில் ஐந்து பரிசுகள். முதல்வனுக்கு 3,200, அடுத்தவனுக்கு 2,000, பின்னர் 1,200, 960, 640. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மிகுதி 2,000 டொலரும் நடத்துவோர் கையில் நிற்கும். துறைக் கட்டணம், காப்புறுதி, நிறுக்கும் தராசு, மேற்பார்வைப் படகு, கூலியாட்கள், பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுவதற்கான தண்ணீர்த் தொட்டிகள் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

இதுவரை வழுவில்லை. ஆனால் ஐம்பதில் ஐந்து போக, மிகுதி நாற்பத்தைந்து படகுகள் வெறுங்கையோடு வீடு திரும்பும். வென்றவன் கொண்டு செல்லும் பணம் அந்த நாற்பத்தைந்து பேருடைய பணமேயன்றி வேறன்று. ஆச்சியின் சொல் அப்போதுதான் என் நினைவில் எழுந்தது.

இந்த ஏற்பாடு புதியதன்று. அலபாமாவைச் சேர்ந்த காப்புறுதி முகவரான ரே ஸ்கொட் என்பவர் 1967ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆர்கன்சோ மாநிலத்துப் பீவர் ஏரியில், பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பதற்கு ஒரு போட்டி வைத்தார். ஆளுக்கு 100 டொலர் கட்டி 106 பேர் வந்தனர். திரண்ட கட்டணம் 10,600 டொலர். முதற்பரிசு 2,000 டொலர். பொழுதுபோக்காக இருந்த தூண்டில் ஒரு தொழிலாகவே மாறுவதற்கு வழி திறந்த போட்டிகளுள் அது முதன்மையானது.

பணத்தைப் பகிர்வதில் இருவகை உண்டு. திரண்டதில் இத்தனை வீதம் என்பது ஒன்று. எத்தனை பேர் வந்தாலும் இத்தொகை நிச்சயம் என்பது மற்றொன்று. முன்னதில் ஆட்கள் குறைந்தாற் பரிசும் குறையும். பின்னதில் நட்டம் நடத்துபவன் தலையில் விழும். சில விளம்பரங்கள் 'கட்டணம் முழுவதும் பரிசாகத் திரும்பும்' என்று முழங்கும். அப்படியாயின் செலவை அநுசரணையாளர் ஏற்றிருக்க வேண்டும்; அல்லது வேறொரு பெயரால் வேறொரு கட்டணம் வாங்கப்பட வேண்டும். தராசுக்கும் படகுக்கும் கூலியின்றி எவ்விழாவும் நடவாது.

கடற்போட்டிகளிலோ நுழைவுக் கட்டணம் வெறும் வாசற்படி. அதற்கு மேல், விரும்பியோர் கட்டும் பக்கப் பந்தயங்கள் பல தட்டுகளாக இருக்கும். இப்பந்தயத் திரட்டுக்கு அமெரிக்கர் வழங்கும் பெயர் 'கல்கத்தா' என்பதாகும். நம் அயலிலுள்ள வங்கத் தலைநகரின் பெயர், குதிரைப் பந்தயத்தின் வழியே அத்திலாந்திக் கரைக்குச் சென்று மீன் பந்தயத்திலும் ஒட்டிக்கொண்டது வியப்பன்றோ! ஒரு தட்டிற் பணம் கட்டாதவன் எத்துணைப் பெரிய மீனைக் கொணர்ந்தாலும் அத்தட்டின் பரிசு அவனைச் சேராது. ஒரே கடலில் ஒரே மீனுக்குக் காத்திருப்போரிடையே, கட்டிய பணம் இவ்வாறு வரம்பு கட்டுகிறது.

தொகை பெருகப் பெருக விதியும் கடுமையாகும். வட கரோலைனாவின் மோர்கெட் நகரில் நடைபெறும் பிக் ரொக் போட்டியில், 2010ஆம் ஆண்டில் 883 இறாத்தல் நிறையுள்ள நீல மார்லின் மீனை ஒரு படகு கொணர்ந்தது. படகில் உதவிக்கு நின்றவரிடம் 15 டொலர் பெறுமதியான மீன்பிடி அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. ஒன்பது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பரிசு அதனாற் கைநழுவிற்று. 2023இல் அதே போட்டியில் 619.4 இறாத்தல் மீனொன்று வந்தது. கரைக்கு வருமுன் சுறா அதைக் கடித்திருந்தமையால் அது தள்ளப்பட்டது. இழப்பு ஏறத்தாழ 35 இலட்சம் டொலர். 1952இல் வெளிவந்த ஹெமிங்வேயின் குறுநாவலைப் படித்தவர்களுக்கு, மார்லினைச் சுறாக்களிடம் பறிகொடுத்த அந்தக் கிழவனின் நினைவு வராமற் போகாது.

என் மனமும் முதலில் அந்தப் படகினர் பக்கமே சாய்ந்தது. ஆனால் 484.5 இறாத்தல் மீனோடு வந்து அவ்வாண்டு முதலிடம் பெற்ற படகும் அதே விதியை நம்பித்தானே பணம் கட்டியது? சுறா கடித்த மீன் தளர்ந்திருக்கும். தளர்ந்த மீனை இழுப்பது எளிது. ஒருவனுக்கு விதியை நெகிழ்த்துவது மற்றவனின் பணத்தை எடுத்துக் கொடுப்பதாகும்.

மேரிலன்ட் மாநிலத்து வைட் மார்லின் ஓப்பன் போட்டியில், 2016இல் 76.5 இறாத்தல் மீனுக்குரிய 28 இலட்சம் டொலர் பரிசு தகராறாயிற்று. வென்றவர் பொய் கண்டறியும் கருவியின் சோதனையில் தேறவில்லை. நடத்துவோர் தாமே தீர்ப்புக் கூறி முடிக்காமல் வழக்கை நீதிமன்றத்தின் முன் வைத்தனர். 2017இல் தீர்ப்பு அவருக்கு எதிராயிற்று. பணம் ஏனைய போட்டியாளரிடையே பகிரப்பட்டது. 2022இல் கிளீவ்லன்ட் நகரில் இருவர் மீனின் வயிற்றில் ஈயக்குண்டுகளைத் திணித்து, 28,000 டொலருக்கு மேற்பட்ட பரிசைக் கவர முயன்றனர். நிறை கண்டு ஐயுற்ற நடத்துநர் எல்லார் முன்னிலையிலும் மீனைக் கிழித்தார், ஈயம் உருண்டது. மறு ஆண்டில் இருவரும் பத்து நாட் சிறைத்தண்டனை பெற்றனர், படகையும் இழந்தனர். அன்று கூடிநின்றோர் கொதித்தெழுந்தது மீனுக்காகவன்று. தாம் கட்டிய பணத்துக்காகவே.

மாணவனுக்கு இவ்வாறு பதில் எழுதினேன்: "தம்பி, உன் விதித்தாளிற் கணக்குப் பிழையில்லை. ஆயினும் சேருமுன் மூன்று கேள்வி கேள். பரிசு வீதமோ, நிச்சயத் தொகையோ? நடத்துபவர் தமக்கென எடுப்பது எவ்வளவு? போட்டி முடிந்தபின் அந்த 2,000 டொலரின் செலவுக் கணக்கைத் தோற்றவர்களுக்குக் காட்டுவார்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ."

இரு கிழமையின் பின் மறுமொழி வந்தது. கணக்கைக் காட்டினார்களாம், சேர்ந்தானாம், மீன் ஒன்றும் அகப்படவில்லையாம். "200 டொலர் போனது மாஸ்ரர். ஆனால் எங்கே போனது எண்டு தெரியும்" என்று எழுதியிருந்தான். ஆச்சி உயிரோடிருந்தால் அக்கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்.