கல்லீரலும் பித்தக்கல்லும்

பேரச்சம் தோன்றும்போது ‘ஈரக்குலை நடுங்கியது’ என்பது தமிழர் பேச்சுவழக்கு. உயிர்க்கு இன்றியமையாத உறுப்பாக ஈரல் கருதப்பட்டதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதன் அடிப்புறத்தில் பேரிக்காய் வடிவில் அமைந்துள்ள பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர் வரையே ஆகும். எனவே அது, பித்தநீரிலுள்ள நீரை உறிஞ்சிப் பலமடங்கு செறிவாக்கிச் சேமிக்கிறது. கொழுப்புணவு முன்சிறுகுடலை அடைந்ததும், அங்குச் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. வெளியேறும் பித்தநீர் கொழுப்பைச் சிறுதுளிகளாக்கிச் செரிமானத்திற்குத் துணைபுரிகிறது.

பித்தநீரின் கூறுகள் சமநிலை இழக்கும்போது கற்கள் உருவாகின்றன. அவை கொலஸ்ட்ரால் கற்கள், நிறமிக் கற்கள் என இருவகைப்படும். வட இந்தியாவில் முன்னதும், தென்னிந்தியாவில் பின்னதும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

மது, ஹெப்பாடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், கொழுப்புப் படிவு ஆகியவற்றால் நெடுங்காலம் தாக்குண்ட கல்லீரல் வடுப்பட்டு இறுகுகிறது. இந்நிலை ‘சிரோசிஸ்’ எனப்படும். அப்போது கல்லீரலுக்குச் செல்லும் குருதி தடைப்பட, மண்ணீரல் வீங்குகிறது. அங்கே சிவப்பணுக்கள் தம் இயல்பான 120 நாள் வாழ்நாளுக்கு முன்பே அழிகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் பிலிருபின் என்னும் நிறமி பித்தநீரில் மிகுந்து, கருநிறக் கற்களாகப் படிகிறது. பித்த உப்புகள் குறைதலும், பித்தப்பை நன்கு சுருங்காமையும் இதற்குத் துணைபோகின்றன. இதனால் சிரோசிஸ் நோயாளருக்குப் பித்தக்கல் தோன்றும் வாய்ப்பு ஏனையோரைவிட மிகுதியாகும்.

புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவருக்குக் கல்லீரல் நோய் இருப்பதாகக் கொள்வோம். ஸ்கேன் ஆய்வில் பித்தக்கல்லும் தென்படுகிறது. உடனே அதனை அகற்ற வேண்டுமா? வலியோ காய்ச்சலோ இல்லையெனில், பெரும்பாலும் வேண்டியதில்லை. குருதி உறைவதற்கான புரதங்களை உருவாக்குவது கல்லீரலே. அது நலிந்த நிலையில் அறுவை செய்தால் குருதிப்பெருக்கு உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். கொலஸ்ட்ரால் கற்களைக் கரைக்கும் மருந்து நிறமிக் கற்களைக் கரைப்பதில்லை.

ஆயினும் வலப்புற மேல்வயிற்றில் கடும்வலி, குளிர்காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியன தோன்றின் காலந்தாழ்த்துதல் கூடாது. கடையில் வலிமாத்திரை வாங்கி உண்பதும் தீங்காகும். நெருக்கடியில் செய்யும் அறுவையினும், கல்லீரலின் திறனை அளந்து திட்டமிட்டுச் செய்யும் அறுவையே பாதுகாப்பானது. 1823ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் இதற்கான வல்லுநர்கள் உள்ளனர்.

மதுவை விலக்குதலும், பிறந்த குழந்தைக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி இடுதலும், உடல் எடையைப் பேணுதலும் கல்லீரலைக் காக்கும் வழிகளாகும். கல் காணப்படுவது பித்தப்பையில். இத்தகையோர்க்கு அதன் வேர் இருப்பதோ கல்லீரலில். எனவே கல்லை மட்டும் நோக்காது, கல்லீரலின் நலத்தையும் ஆராய்ந்து மருத்துவம் செய்தலே அறிவுடைமையாகும்.