அந்திச் செபமும் மழலை மொழியும்: திண்டுக்கல் சமவெளிக் கத்தோலிக்க இல்லங்களில் சொல் கையளிப்பு

முன்னுரை

தமிழ்க் கத்தோலிக்கரின் மொழியை ஆராய்வோர்க்கு அச்சு நூல்களே முதன்மைச் சான்றுகள். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதல் வீரமாமுனிவரின் 'தேம்பாவணி', 'சதுரகராதி' வரை அச்சான்றுகள் வளமானவை. எனினும், நூலில் நின்ற ஒரு சொல் எழுத்தறியாக் குழந்தையின் நாவுக்கு வந்து சேர்ந்த வழி நூலுக்குள் இல்லை. அது வீட்டுக்குள் இருக்கிறது. திண்டுக்கல் நகரையும், பஞ்சம்பட்டி, மாரம்பாடி, கொசவபட்டி முதலிய சமவெளி ஊர்களையும் களமாகக் கொண்டு, கத்தோலிக்க இல்லங்களின் குழந்தை வளர்ப்பில் செபமொழி கையளிக்கப்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. நூலை மட்டும் சார்ந்த சொற்கள் நூல் மாறியபோது மாறின. உடலசைவையும் உறவையும் வேளையையும் சார்ந்த சொற்கள் நிலைத்தன என்பதே இதன் கருத்து.

சிறுவர்க்கான நூலும் வீட்டின் பொறுப்பும்

தம்பிரான் வணக்கத்தை அடுத்து 1579இல் கொச்சியில் அச்சானது 'கிரீசித்தியானி வணக்கம்'. இவ்விரண்டையும் உருவாக்கியவர் அண்டிரிக் அடிகளார். இரண்டாவது நூலின் மூலம், மார்க்கோசு சோர்சு என்னும் போர்த்துக்கீசியத் துறவி சிறுவர்க்குக் கற்பிப்பதற்காக வினாவிடையாக அமைத்த மறையுரை நூலாகும். ஆகவே, தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே குழந்தைக்குரிய மொழி பற்றிய கவலை இடம்பெற்றுவிட்டது எனலாம். கேட்டும் மறுமொழி சொல்லியும் பயிலும் இம்முறை, பின்னர் உபதேசியார் வழியாகவும் 'சின்னக் குறிப்பிடம்' வழியாகவும் உள்நாட்டு ஊர்களில் பரவியது.

வீட்டின் பொறுப்பை மிகுவித்த நிகழ்வு ஒன்றையும் சுட்டவேண்டும். 1910 ஆகஸ்ட் 8 அன்று பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை, நன்மை வாங்குவதற்குரிய வயதை ஏறக்குறைய ஏழாகக் குறைத்தது. அதற்குமுன் பத்து வயதைக் கடந்த பின்னரே பலர்க்கும் புதுநன்மை வாய்த்தது. வயது குறைந்ததும், அடிப்படைச் செபங்களைக் குழந்தை பள்ளியில் காலூன்றும் முன்னரே அறிந்திருக்க வேண்டிய நிலை உருவாயிற்று. அக்கல்வியின் பெரும்பகுதி தாயிடமும், அப்பத்தா, அம்மாச்சி ஆகியோரிடமும் வந்து சேர்ந்தது.

அந்தி வேளை

தமிழர் இல்லங்களில் விளக்கு வைக்கும் நேரத்திற்குத் தனி மதிப்புண்டு. கத்தோலிக்க ஊர்களில் அவ்வேளையைக் கோயிலின் அந்தி மணி குறித்தது. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் ஒலிக்கும் மணிகளுள், தெருவில் விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்த மணி இதுவே. கைகால் கழுவி, பாடுபட்ட சுரூபமோ திரு இருதயப் படமோ உள்ள சுவர்முன் முழந்தாள்படியிட்டுச் செபமாலை சொல்வது வழக்கம். மே மாதத்தில் மாதா வணக்கமும் அக்டோபரில் செபமாலை வணக்கமும் இதனோடு சேரும்.

இங்குக் குழந்தையின் கற்றல் மூன்று படிகளில் நிகழ்கிறது. முதற்படி உடலசைவு. பேச்சு வருமுன்னரே குழந்தையின் வலக்கையைப் பற்றி நெற்றி, மார்பு, தோள்கள் எனச் சிலுவை அடையாளம் வரையப் பழக்குகின்றனர். இரண்டாம் படி ஈற்றொலி. பெரியவர் சொல்லும் தொடரின் இறுதி அசையை மட்டும் குழந்தை சேர்ந்து சொல்கிறது; 'ஆமென்' அதற்கு எளிதில் வசமாகும் சொல். மூன்றாம் படி முழுத்தொடர். பொருள் விளங்காத நிலையிலேயே நீண்ட செபம் மனத்தில் பதிகிறது. மூத்தோர் இச்செபங்களை 'மந்திரம்' என்றே வழங்குவர். தொல்காப்பியச் செய்யுளியல் இலக்கணம் வகுத்த அச்சொல், கத்தோலிக்க முற்றத்தில் 'மந்திரம் படித்தாயா?' என்னும் அன்றாட வினாவில் உயிரோடிருப்பது கருதத்தக்கது.

செபம் முடிந்ததும் சிறியோர் பெரியோரிடம் சென்று 'தோத்திரம்' சொல்லுதலும், பெரியோர் அவர்தம் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி வழங்குதலும் பல இல்லங்களின் மரபு. அன்று பகலில் அடிவாங்கிய பிள்ளையும் அடித்த தாயிடம் தோத்திரம் சொல்லியே உறங்கச் செல்லும். கண்டிப்பும் அரவணைப்பும் சந்திக்கும் இடமாக இச்சடங்கு அமைகிறது.

நான்கு சொல்லடுக்குகள்

இவ்வேளையில் குழந்தை கேட்கும் சொற்களை நான்கு அடுக்குகளாகப் பகுக்கலாம்.

முதலாவது போர்த்துக்கீசிய அடுக்கு. சேசு, சூசை, சந்தியாகு, பாஸ்கு, இஸ்பிரீத்து சாந்து முதலியன இதில் அடங்கும். போர்த்துக்கீசிய ஒலிப்பைத் தமிழ் எழுத்துக்கு இயைய அமைத்ததனால் 'சூசை' பிறந்தது. வடசொல்லுக்குத் தொல்காப்பியர் வகுத்த ஏற்பு நெறியை ஒத்த நடைமுறை, நூலறிவில்லாத நாவிலும் தானே இயங்கியதற்கு இது சான்று.

இரண்டாவது வடமொழி அடுக்கு. சர்வேசுரன், ஞானஸ்நானம், சம்மனசு, மோட்சம், பாவசங்கீர்த்தனம், அர்ச்சியசிஷ்டர் என்பன இவ்வகையின. மதுரை மறைப்பணித்தளத்தின் எழுத்துகளால் இவை வேரூன்றின. 'காவல் சம்மனசு பக்கத்தில் நிற்கிறது' என்று சொல்லிக் குழந்தையை உறங்கவைத்த தலைமுறையினர்க்கு இச்சொல் வடசொல்லாகத் தோன்றியதில்லை, துணையாகவே தோன்றியது.

மூன்றாவது தனித்தமிழ் அடுக்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம் தாய்மொழி வழிபாட்டிற்கு வழிதிறந்தது. தமிழகத்தில் நிலவிய தமிழுணர்வும் அதனோடு இணைந்தது. சர்வேசுரன் இறைவனானார், ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பூசை திருப்பலியாயிற்று, சம்மனசு வானதூதரானது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இப்போக்கை உறுதிப்படுத்தியது.

நான்காவது ஆங்கில அடுக்கு. மாஸ், ஃபாதர், பிரேயர், ஃபர்ஸ்ட் கம்யூனியன் ஆகியன ஆங்கிலவழிப் பள்ளியின் வாயிலாக வீட்டுக்குள் வருகின்றன.

இவற்றுள் சில ஒரு பெயரிலேயே கூடுவதைத் திண்டுக்கல்லில் காணலாம். 2003 நவம்பர் 10 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மறைமாவட்டத்தின் பேராலயம் தூய வளனார்க்கு உரியது. பெருகச் செய்தலைக் குறிக்கும் எபிரேயப் பெயரின் பொருளுணர்ந்து வீரமாமுனிவர் ஆண்ட பெயர் 'வளன்'. அப்பேராலயத்துக்கு வரும் முதியவர் சூசையாக இருக்கலாம். விவிலிய வாசகத்தில் அவர் யோசேப்பு. பள்ளிப் பதிவேட்டில் பெயரன் ஜோசப். 'பெயரன்' என்னும் உறவுச்சொல்லே பாட்டனின் பெயரைத் தாங்குபவன் எனப் பொருள்படுவது. பெயரின் வடிவம் மாறினும் தாங்கும் மரபு மாறவில்லை.

எவை நிலைத்தன?

புதிய வழிபாட்டு நூல்கள் வந்தபின் அர்ச்சியசிஷ்டர், இஸ்பிரீத்து சாந்து ஆகியவை விரைவில் மறைந்தன. இவை செப நூலையும் சடங்கையும் மட்டும் சார்ந்திருந்தன. ஆனால், குழந்தை தடுக்கி விழுந்தால் பாட்டியின் வாயில் 'சேசுவே' என்பதே இன்றும் வருகிறது. 'பூசைக்கு நேரமாயிற்று' என்று விரைவுபடுத்தும் தாய், கோயிலுக்குள் திருப்பலி என்னும் சொல்லைத் தயக்கமின்றி ஏற்கிறாள். தோத்திரம், சாமி, புதுநன்மை ஆகியனவும் அவ்வாறே. அச்சம், விரைவு, தொடுகை, வாழ்த்து ஆகியவற்றோடு பிணைந்த சொற்கள் ஆணையால் மாறுவதில்லை.

எனவே, ஒரே பொருளுக்கு இரு சொற்களைக் குழந்தை இடமறிந்து ஆளக் கற்கிறது. இது குழப்பமன்று, மொழிநடை வேறுபாட்டின் முதற்பயிற்சி. சிக்கல் எழுவது திருத்தும் முறையில்தான். மறைக்கல்வி வகுப்பிலிருந்து திரும்பும் குழந்தை, 'சம்மனசு தப்பு, வானதூதர்தான் சரி' என்று பாட்டியைத் திருத்தும்போது, சொல்லோடு சொன்னவரின் தகுதியும் குறைகிறது. பழைய வடிவம் பிழையன்று, முந்தைய அடுக்கு என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் உணர்த்தினால் அக்குறை நேராது.

முடிவுரை

கத்தோலிக்க இல்லத்தின் செபமொழி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல் மாற்றங்களைத் தாங்கி வந்துள்ளது. அதற்கு நேர்ந்துள்ள பெரிய இடர் புதுச்சொல் அன்று, வேளை இழப்பு. நூற்பாலையின் முறைப்பணி, மாலைநேரத் தனிப்பயிற்சி, தொலைக்காட்சி, தாத்தா பாட்டியைப் பிரிந்த தனிக்குடித்தனம் ஆகியவை மூன்று தலைமுறையும் ஒன்றாக முழந்தாளிட்ட அந்தியைக் கலைக்கின்றன. கேட்கும் செவி அருகில் இல்லாதபோது எச்சொல்லும் கையளிக்கப்படுவதில்லை. முதியோர் சொல்லும் செப வடிவங்களை அவர்தம் ஒலிப்போடும், அவற்றுக்குரிய அசைவு, வேளை, உறவு ஆகியவற்றோடும் பதிவுசெய்தல் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். வீட்டளவில் தேவைப்படுவது இன்னும் எளிது: செபமாலை முழுதும் இயலாத நாளிலும், உறங்குமுன் ஒரு தோத்திரமும் நெற்றியில் ஒரு சிலுவையும் தவறாதிருத்தல்.